ஆபீசில் க்விஸ் நடத்தப் போகிறீர்களா? முதலில் பஸ்ஸரை ஓரமாக வையுங்கள்

"டீம் பில்டிங்குக்கு ஒரு க்விஸ் வைத்துவிடலாமே" என்று மீட்டிங்கில் யாராவது வாயைத் திறந்தால், அந்த வேலை பெரும்பாலும் சொன்னவர் தலையிலேயே வந்து விழும். உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கிற ஐம்பது பொது அறிவுக் கேள்விகளை அள்ளி ஒரு செயலியில் போட்டு, எல்லோருடைய போனுக்கும் லிங்க் அனுப்பிவிட்டால் க்விஸ் நடந்துவிடும்தான். ஆனால் எல்லாவற்றிலும் முந்துகிற அதே இரண்டு பேர் இதிலும் முந்தியிருப்பார்கள், மற்றவர்கள் திரையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றி யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

க்விஸில் டீமை ஒட்ட வைப்பது, கேள்வி கேட்டதற்கும் பதில் எழுதுவதற்கும் நடுவே நாலு பேர் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொள்கிற அந்த ஒரு நிமிடம். அவ்வளவுதான். எத்தனை பேர், என்ன கேள்வி, எந்தச் செயலி, எப்படி மார்க் என்று எதை முடிவு செய்தாலும், அந்த ஒரு நிமிடத்துக்கு இது உதவுமா, கெடுக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பஸ்ஸர் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்களுக்கு மார்க் என்றால் யாரும் யாரிடமும் கலந்து பேச மாட்டார்கள், கை வேகமுள்ள ஒருவர் அணி முழுவதற்கும் சேர்த்து ஆடிவிடுவார். கஹூட் மாதிரி செயலிகளும் வழக்கமான அமைப்பில் இதைத்தான் செய்கின்றன: ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி, சரியான பதிலையே தாமதமாகத் தட்டினால் புள்ளி குறையும். பத்து நிமிடம் கலகலப்பு வேண்டும் என்றால் அது நல்ல விளையாட்டு. டீம் பேசிப் பழக வேண்டும் என்றால் அணிக்கு ஒரு போன் மட்டும் வைத்து ஆடும் டீம் மோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அணிக்கு ஒரு தாள், ஒரு பேனா. எனக்குத் தாள்தான் பிடிக்கும், காரணம் பேனா ஒருவர் கையில்தான் இருக்க முடியும், மற்ற மூன்று பேரும் அவரை எழுத வைக்கப் பேசியே ஆக வேண்டும்.

அணி பிரிப்பது

நாலு பேர். மூன்று, ஐந்து என்றாலும் ஓடும். ஆறு தாண்டினால் இரண்டு பேர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பார்கள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடுகிற பலம் குறைகிறது என்று 1913-லேயே எழுதி வைத்துவிட்டார். க்விஸ் மேசையிலும் அதே கதைதான்.

"நீங்களே அணி பிரித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் ஒன்றாக உட்காருவார்கள், போன மாதம் சேர்ந்த புது ஆள் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நடுவில் நிற்பார். முந்தின நாளே நீங்கள் பிரித்துவிடுங்கள்: ஒரு அணியில் குறைந்தது மூன்று பிரிவு ஆட்கள், வயதிலும் அனுபவத்திலும் கலவை, தினமும் மெயிலில் மட்டும் சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு பேர் இருந்தால் அவர்களை ஒரே அணியில் போடலாம் (நிஜமாகவே முகம் கொடுத்துப் பேசாதவர்களைப் போடாதீர்கள், அதைச் சரி செய்ய க்விஸ் போதாது).

மேனேஜரை என்ன செய்வது என்பது தனிப் பிரச்சினை. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மேசையில் அவர் ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது, தவறு என்று தெரிந்தவர்கூட "சரி, அதையே எழுதிடலாம்" என்பார். அவருக்கு ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுங்கள். ஆடித்தான் தீருவேன் என்றால், பேனா வேறொருவர் கையில், அவர் கருத்து கடைசியில் என்று முன்பே சொல்லிவிடுங்கள். க்விஸ் மாஸ்டராகவும் அவர் வேண்டாமே, அவர் தீர்ப்பை எதிர்த்து யார் அப்பீல் செய்வார்கள்?

கேள்விதான் முக்கால்வாசி வேலை

"இந்த நாட்டின் தலைநகர் என்ன?" தெரிந்தவருக்கு ஒரு நொடி, தெரியாதவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாலும் வராது. பேச எதுவுமே இல்லாத கேள்வி அது. உங்களுக்குத் தேவை, யாருக்கும் முழுசாகத் தெரியாது, ஆனால் ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்ததைக் கூட்டினால் பிடித்துவிடலாம் என்கிற வகைக் கேள்வி.

ஒரு உதாரணம். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட முதல் இணையதளம், கையில் பிடித்துப் பேசிய முதல் கைபேசி அழைப்பு, விசிகால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள், @ குறியுடன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போன முதல் மின்னஞ்சல். இந்த நாலையும் கால வரிசையில் எழுதுங்கள். இதைக் கேட்டுவிட்டு மேசையைக் கவனியுங்கள். "இணையதளம் வந்த பிறகுதானே மெயில் வந்திருக்கும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். நெட்வொர்க் பக்கம் வேலை செய்கிறவர் இல்லை இல்லை, மெயில் ரொம்பப் பழசு என்பார். அக்கவுண்ட்ஸில் இருக்கிற சீனியர், விசிகால்க் எல்லாம் முதல் தலைமுறை பெர்சனல் கம்ப்யூட்டரில் ஓடியது, எழுபதுகளின் கடைசி என்று ஒரு ஆணியை அடிப்பார். செங்கல் சைஸ் கைபேசி எண்பதுகளில் விற்பனைக்கு வந்ததாச்சே, அப்போது சோதனை அழைப்பு அதற்கு எவ்வளவு முன்னால் இருக்கும் என்று ஒருவர் கணக்குப் போடுவார். விடை: மின்னஞ்சல் 1971, கைபேசி 1973, விசிகால்க் 1979, இணையதளம் 1991. விடை யாருக்கும் ஞாபகம் இருக்கப் போவதில்லை, பரவாயில்லை, அந்த சீனியருக்கு இதெல்லாம் தெரியும் என்பது இனி நாலு பேருக்குத் தெரியும்.

இன்னொன்று, எக்செலில் ஒரே ஷீட்டில் எத்தனை வரிசை இருக்கும்? 10,48,576. தினமும் எக்செலில் குடியிருப்பவர் "பத்து லட்சத்துச் சொச்சம்" என்பார், அது 2-இன் 20-ஆம் அடுக்காக இருக்கும் என்று புரோகிராமர் கணக்குப் போட்டுக் கச்சிதமாக எழுதுவார். இப்படி இரண்டு வேலைக்காரர்களின் அறிவு மோதிச் சேர்கிற கேள்வி ரவுண்டுக்கு ஒன்று கிடைத்தாலே போதும்.

கேள்விக்குள்ளேயே குறிப்பை ஒளித்து வைப்பது இன்னொரு வழி. "3எம் நிறுவனத்தில் ஒருவர் பலமான பசை தேடப் போய், 1968-ல் ஒட்டியும் ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார். சில வருடம் கழித்து அவருடைய சக ஊழியர், பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு நழுவி நழுவி விழுகிறதே என்று அந்தப் பசையைப் பயன்படுத்திப் பார்த்தார். அதிலிருந்து வந்த எந்தப் பொருள் உங்கள் மேசையில் இருக்கிறது?" போஸ்ட்-இட் வரலாறு யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மேசையைச் சுற்றிப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

கடினம் எவ்வளவு இருக்கலாம் என்றால், சுமாரான அணிக்குக் கூடப் பாதிக்கு மேல் சரியாக வர வேண்டும். ஒரு அணிக்குமே தெரியாத கேள்வி என்றால் அது கேள்வி கேட்டவரின் தோல்வி. நம் புத்திசாலித்தனத்தைக் காட்டும் மேடை இல்லை இது. விளையாட்டு, சினிமா, அறிவியல், வரலாறு, சாப்பாடு என்று கலந்துவிடுங்கள், ஏதோ ஒன்றிலேயே ஆறு கேள்வி வந்தால் அதில் ஆர்வமில்லாதவர் போனை எடுத்துவிடுவார்.

ஒவ்வொரு விடையையும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள், க்விஸ் நடக்கும் வாரத்திலேயே. அதிக நிலவுகள் உள்ள கோள் எது என்ற கேள்விக்கு 2023 பிப்ரவரியில் வியாழன் என்பது சரியான விடை, மே மாதம் மறுபடி சனி ஆகிவிட்டது. "மிகப் பெரிய", "அதிகமான", "இதுவரை" என்ற வார்த்தைகள் வந்தால் உஷாராக இருங்கள். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பது போன்ற கட்டுக்கதைகளை விடையாக வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள், வேண்டுமானால் சரியா தவறா ரவுண்டில் தவறுக்குப் பயன்படுத்துங்கள்.

"நம் ஆபீஸ் ஆட்களைப் பற்றி ஒரு ரவுண்டு" என்ற யோசனை எப்போதும் வரும். நன்றாகவே ஓடும், ஒரே நிபந்தனை: தகவலை அவரவரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். யார் பள்ளியில் வயலின் வாசித்தார், யார் முன்னால் வேறு என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் சரி. வயது, கல்யாணம், சம்பளம், மதம், உடம்பு, பழைய குண்டான போட்டோ எதுவும் கூடாது, "அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்" என்று வேறொருவர் உத்தரவாதம் கொடுத்தாலும் கூடாது.

நேரமும் மார்க்கும்

முக்கால் மணி நேரம், வேலை நேரத்துக்குள். இதை வேலை முடிந்த பிறகு வைத்தால், வீட்டில் குழந்தை காத்திருப்பவர் மணியைப் பார்த்துக்கொண்டேதான் ஆடுவார். ரவுண்டுக்கு ஐந்து என நாலு ரவுண்டு, இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் நிமிடம் என்றால் 25 நிமிடம், மார்க் போடவும் சிரிக்கவும் சண்டை போடவும் மீதி. கேள்வியை இரண்டு முறை வாசியுங்கள், திரையிலும் போடுங்கள், பின்வரிசையில் காது கேட்காத ஒருவர் எப்போதும் இருப்பார், கேட்கவில்லை என்று சொல்லவும் மாட்டார்.

ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் தாளைப் பக்கத்து அணிக்கு மாற்றித் திருத்தச் சொல்லுங்கள். அணிகளுக்கு நடுவிலும் பேச்சு வர இதுதான் சுலபமான வழி. தவறுக்கு மைனஸ் மார்க் வேண்டவே வேண்டாம், மைனஸ் வந்தால் தயங்கித் தயங்கிப் பேசுகிறவர் மொத்தமாக வாயை மூடிக்கொள்வார். ஜோக்கர் மட்டும் வையுங்கள்: நாலு ரவுண்டின் தலைப்பையும் முதலிலேயே சொல்லிவிட்டு, எந்த ரவுண்டில் இரட்டை மார்க் வேண்டும் என்று ஒவ்வொரு அணியும் ஆட்டம் தொடங்கும் முன் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை முடிவு செய்ய "உனக்கு எது நன்றாக வரும்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டும், முதல் கேள்விக்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். கடைசி ரவுண்டு வரை யார் வேண்டுமானாலும் மேலே வரலாம் என்ற நிலையும் இருக்கும். சமன் ஆனால் ஒரு எண் கேள்வி, நெருங்கி வந்தவர் ஜெயித்தார்.

தகராறு வரும். வரட்டும், வந்தால் ஆட்டத்தில் இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். க்விஸ் மாஸ்டர் சொன்னதே முடிவு, ஆனால் அவர் விடை தவறு என்று யாராவது காட்டிவிட்டால் இரண்டு விடைக்கும் மார்க் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் போதும், அதற்கு மேல் நீளாது. போனில் தேடுவார்களே என்கிறீர்களா? எல்லா போனையும் மேசை நடுவில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் மேலே சொன்ன மாதிரி கேள்வி இருந்தால் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஆட்கள் வேறு வேறு ஊரில் இருந்தால்

ஜூம், டீம்ஸ் இரண்டிலும் பிரேக்அவுட் ரூம் (மீட்டிங்கில் இருப்பவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனியே பேச விடும் அறை) இருக்கிறது, அணிக்கு ஒன்று ஒதுக்குங்கள். கேள்விக்குக் கேள்வி உள்ளே அனுப்பி வெளியே இழுத்தால் அதிலேயே நேரம் போய்விடும், ஒரு ரவுண்டின் ஐந்து கேள்விகளையும் மொத்தமாகக் கொடுத்து ஆறு ஏழு நிமிடம் உள்ளே விட்டுவிடுங்கள். பதிலை ஒருவர் கூகுள் ஃபார்மில் போடட்டும். ஒவ்வொருவர் இணைப்பும் ஒவ்வொரு வேகத்தில் இருக்கும் என்பதால் இங்கே வேகத்துக்கு மார்க் கொடுப்பது அநியாயம்.

பாதிப் பேர் ஆபீசில், பாதிப் பேர் வீட்டில் என்றால் இரண்டையும் எதிரெதிர் அணியாக்காதீர்கள், அதுதான் வருடம் முழுக்க நடக்கிறதே. கலந்து போடுங்கள், ஆபீசில் இருப்பவரும் தன் லேப்டாப்பில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு தனியாகவே சேரட்டும். ஒரு அறையில் மூன்று பேர் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்தால் திரையில் இருக்கிற நாலாவது ஆள் காணாமல் போய்விடுவார்.

பரிசு சின்னதாக இருக்கட்டும், அணி முழுக்கப் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி. பெரிய தொகை வைத்தால் மேலே சொன்ன தகராறு சிரிப்போடு முடியாது. முடிந்ததும் பத்துக் கேள்வி கொண்ட ஃபீட்பேக் படிவத்தை அனுப்பி எல்லோர் மூடையும் கெடுக்காதீர்கள். எந்தக் கேள்விக்கு மேசைகளில் சத்தம் வந்தது, எதற்கு வரவில்லை என்று நடத்தும்போதே கேள்வித்தாளின் ஓரத்தில் ஒரு டிக், ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அடுத்த முறைக்குக் கேள்வி தயாரிக்கிற பொறுப்பைக் கடைசி இடம் பிடித்த அணியிடம் கொடுத்து, டிக் போட்ட தாளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அடுத்த தடவை நீங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஆடலாம்.