பூசாத சுவர் மலிவு அல்ல: ஜப்பானிய அழகியலில் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியக் கட்டடங்களைப் பார்த்து மயங்கி வரையும் முதல் வீட்டில், ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நாங்கள் சறுக்கிய இடங்களும் அவைதான். வாசலில் புத்தர் சிலை, மூங்கில் தட்டி, கூழாங்கல் தொட்டி இவற்றை விட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் ஒரே நாளில் அகற்றிவிட முடியும். அகற்ற முடியாதவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பூச்சு இல்லை, அதனால் செலவும் இல்லை

இந்த நினைப்பு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஜப்பானியக் கட்டடக்கலைஞர் டடாவோ ஆண்டோவின் பூசாத கான்கிரீட் சுவர்களைப் படத்தில் பார்த்துவிட்டு, "பூச்சு மிச்சம், பெயின்ட் மிச்சம்" என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பூசும் சுவரில், கான்கிரீட்டுக்கு அச்சுப் பலகை அடிக்கும் சென்ட்ரிங்காரர் விட்ட பிழையைக் கொத்தனார் மூடிவிடுவார். பூசாத சுவரில் அந்த வசதி கிடையாது. பலகை பிரித்த அன்று தெரிவதுதான் கடைசிவரை.

முதல் பிழை பலகை அளவிலேயே தொடங்குகிறது. ஆண்டோவின் சுவரில் தெரியும் கட்டம் 900-க்கு 1,800 மி.மீ. ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு குழிகள். இரண்டு பக்கப் பலகைகளையும் இழுத்துப் பிடிக்கும் டை கம்பியின் முனைக் கூம்புகள் விட்டுப்போன தடங்கள் அவை. ஜப்பானில் சென்ட்ரிங் பிளைவுட் விற்கப்படும் அளவே அதுதான். ஜப்பானிய அறைகளின் தரையில் பதிக்கும் தத்தாமி பாயின் அளவுக்கும் நெருக்கமானது. இங்கே கடையில் கிடைப்பது எட்டடிக்கு நாலடி ஷீட், அதாவது 2,440-க்கு 1,220. அதில் 900-க்கு 1,800 வெட்டினால் ஷீட்டில் சுமார் 46 சதவீதம் துண்டாகிவிடும். 1,220-ஐயே கட்டமாக எடுத்துக்கொண்டு, சுவர் நீளம், கதவு உயரம், சன்னல் விளிம்பு எல்லாம் அதன் மடங்கிலோ பாதியிலோ வந்து நிற்கும்படி பிளான் போடுங்கள். ஆண்டோவிடம் கற்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான். அவருடைய எண்ணை அல்ல.

இரண்டாவது, சுவரின் கனம். படத்தில் மெல்லியதாகத் தெரிகிறதே என்று 150 மி.மீ. எழுதிவிடுகிறார்கள். இருபக்கமும் கடற்காற்று படும் சுவர் என்றால் இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456 கேட்கும் கவர், அதாவது கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய கான்கிரீட், 45 மி.மீ. இரண்டு பக்கமும் கழித்தால் 60 மிச்சம். 8 மி.மீ. கம்பியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வலை கட்டினால் 32 போய்விடும். மீதி 28 மி.மீ. சந்தில், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி எப்படி இறங்கும்? ஊசி இறங்காத இடத்தில் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். அதை அடைத்தால் அடைத்த இடம் வேறு நிறத்தில் திட்டாக நிற்கும். 200 மி.மீ. கொடுத்தால் நடுவில் 78 மி.மீ. கிடைக்கும், ஊசி தாராளமாக இறங்கும்.

கான்கிரீட் போடும் நாளில்: 1.5 மீட்டருக்கு மேலிருந்து கொட்டக் கூடாது. 300 முதல் 400 மி.மீ. வரை ஒரு அடுக்கு. ஊசி கீழ் அடுக்குக்குள்ளும் 100 மி.மீ. போக வேண்டும். பலகை இணைப்புகளில் ஃபோம் டேப் ஒட்டாவிட்டால் சிமென்ட் பால் கசிந்து, மணல் வரி தெரியும். பலகையில் பழைய என்ஜின் ஆயில் பூசினால் கறை நிற்கும். ஒரே சுவரில் புதுப் பலகையும் பழைய பலகையும் கலந்தால், இரண்டும் ஒரே அளவு நீரை உறிஞ்சாததால் நிறம் மாறும். சிமென்ட் பிராண்டை நடுவில் மாற்றினாலும் அப்படித்தான்.

சுவிட்ச் பாக்ஸ், பைப், ஏசி தண்ணீர்க் குழாய் எல்லாம் கம்பி கட்டும்போதே உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு உளி வைத்தால் அந்தச் சுவர் போனது போனதுதான். வேலை தொடங்கும் முன், ஒரு மூலை, ஒரு பலகை இணைப்பு, ஒரு சுவிட்ச் பாக்ஸ் மூன்றும் வரும்படி 'எல்' வடிவத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் போடுங்கள். அதே ஆட்கள், அதே கலவை. அந்தச் செலவை எஸ்டிமேட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

வெயிலை மறப்பது

ஒசாகாவில் 1976-ல் ஆண்டோ கட்டிய சுமியோஷி வரிசை வீட்டை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நடுவே திறந்த முற்றம். மழை நாளில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் குடை வேண்டும். சுவர்களில் வெப்பத் தடுப்பு கிடையாது. குளிர்காலத்தில் நடுங்க வைக்கும் வீடு. அங்கே குடியிருந்தவர் அதை ஏற்று வாழ்ந்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டீர்களா?

வெப்ப நாட்டில் இதே அழகியல் எப்படி நிற்கும் என்று பார்க்கப் புதுச்சேரிக்குப் போங்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக டோக்கியோ போய் அங்கேயே தங்கிவிட்ட கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட், அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்த கோல்கொண்டா விடுதி அங்கே இருக்கிறது. களத்தில் நின்றவர் அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகஷிமா. அதுவும் பூசாத கான்கிரீட்தான். ஆனால் வடக்கு, தெற்கு முகங்கள் முழுக்கத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பட்டைகள். அறைகளுக்குக் காற்று புகும் தேக்கு நழுவு கதவுகள். கூரைத் தளத்துக்கு மேல் காற்றிடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள். ஜப்பான் அங்கே கதவிலும் காற்றிலும் இருக்கிறது.

தாழ்வாரம் இல்லாத ஷோஜி

ஷோஜி என்பது காகிதம் ஒட்டிய நழுவு கதவு, மழையைத் தாங்காது. ஜப்பானில் அதற்கு முன்னால் எங்காவா என்னும் திண்ணை, மேலே ஆழமான கூரை நீட்டம், புயல் வந்தால் மூட அமாதோ மரக்கதவு. மூன்றையும் வெட்டிவிட்டு ஷோஜியை மட்டும் கொண்டுவந்தால் முதல் மழைக்காலத்திலேயே காகிதம் தொங்கும். கூரை நீட்டம் 900 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இன்னொன்று: காகிதம் சட்டத்தின் வெளிப்பக்கம் ஒட்டப்படுவது, அறையில் இருப்பவருக்குச் சட்டம் தெரிய வேண்டும். பலர் திருப்பி ஒட்டுகிறார்கள்.

கருக்கிய பலகை

பலகையைக் கருக்கும் யாகிசுகி, ஜப்பானிய சீடரான சுகி மரத்துக்கான முறை. மூன்று பலகைகளை முக்கோணக் குழாயாகக் கட்டி, உள்ளே தீ மூட்டி, சில மி.மீ. ஆழத்துக்குக் கரியாக்குவார்கள். கேஸ் டார்ச்சை இரண்டு முறை காட்டி வார்னிஷ் அடிப்பது நிறம் மட்டும்தான், பாதுகாப்பு கிடைக்காது.

வாபி-சாபி

பழமையிலும் குறையிலும் அழகு காணும் பார்வை இது. அதற்காகப் புதுக் கதவைத் தேய்த்துப் பழசாக்காதீர்கள்.

தத்தாமி

கியோட்டோ அளவு 955-க்கு 1,910 மி.மீ., டோக்கியோ அளவு 880-க்கு 1,760. எது என்று முடிவு செய்தபின் அறையை வரையுங்கள்.