கூண்டுல பொறந்த ஹாக், ஆவ்ல் மிச்சமாயிடுச்சா? பிரிட்டன்ல அதுக்கு நல்ல இடம் தேடறது எப்படி

பிரிட்டன்ல ஹாரிஸ் ஹாக்கோ (வேட்டைக்குப் பழக்கற பருந்து வகை) பார்ன் ஆவ்லோ (ஆந்தை வகை) வளர்க்க லைசன்ஸ் எதுவும் வேணாம், காசு இருக்கறவங்க வாங்கலாம், ஜோடி இருக்கறவங்க குஞ்சு பொரிக்க வைக்கலாம், அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் கோடையில குஞ்சுங்க கையில ஏறிக்கிட்டே போகுது, வாங்க ஆள் கம்மியாயிட்டே வருது. அப்புறம் மார்ச் மாசம் இந்தப் பறவைங்களை வெச்சு வேட்டையாடற சீசன் முடிஞ்சதும் "டைம் இல்ல, நல்ல வீட்டுக்கு இலவசம்"னு விளம்பரம் வரும். உங்ககிட்டயும் அப்படி மிஞ்சின பறவை இருந்தா அவசரப்படாதீங்க. ஹாரிஸ் ஹாக் நல்லா பார்த்துக்கிட்டா 20 வருஷம் தாண்டி இருக்கும், ஈகிள் ஆவ்ல்ங்கற பெரிய ஆந்தை 40 வருஷம் கூட இருக்கும், அதனால இந்த ஒரு மாசம் யார் எடுத்துப்பாங்கங்கறதை விட அடுத்த 20 வருஷம் யார் வெச்சுப்பாங்கங்கறதுதான் முக்கியம்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், திறந்து விட்டுடறது வழியே இல்ல. ஹாரிஸ் ஹாக் அமெரிக்கக் கண்டத்துப் பறவை, அதை பிரிட்டன்ல வெளிய விடறது 1981 வனவிலங்கு சட்டப்படி குத்தம். பார்ன் ஆவ்ல், அதாவது நம்ம கூகை, அந்த ஊர்ப் பறவைதானேன்னு கேப்பீங்க, ஆனா அதையும் லைசன்ஸ் இல்லாம விடக் கூடாது. 1980கள்ல நிறைய பேர் நல்ல எண்ணத்தோடதான் கூண்டுல பொறந்த கூகைகளை ஆயிரக்கணக்குல வெளிய விட்டாங்க, அதுல பெரும்பாலானது பொழைக்கல, அதுக்கப்புறம்தான் 1990களோட ஆரம்பத்துல இந்தக் கட்டுப்பாடே வந்துச்சு. கையில இரை வாங்கித் தின்ன பறவை வெளிய போனா சில நாள்ல பட்டினி, இல்லன்னா ரோட்டுல அடிபடும்.

சரி, இடம் தேடறதுக்கு முன்னாடி உங்க பறவையைப் பத்தி நீங்களே ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஆணா பெண்ணா (ஹாரிஸ்ல பெண் ஒரு கிலோ பக்கம் வரும், ஆண் அறுநூறு கிராம் சொச்சம்தான், ஆவ்ல்ல பார்த்துச் சொல்றது கஷ்டம், ஒரு இறகு அனுப்பினா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணித் தருவாங்க), எப்ப பொறந்துச்சு, கால்ல இருக்கற ரிங் நம்பர் என்ன, இப்ப எடை எவ்வளவு, பறக்க விட்டப்ப எந்த எடையில கூப்பிட்டா நல்லா ரெஸ்பான்ஸ் பண்ணுச்சு, இல்ல ஏவியரியை (பெரிய பறவைக் கூண்டை) விட்டு வெளியவே வந்ததில்லையா. எல்லாத்தையும் விட முக்கியம், தாய் தகப்பன் வளர்த்ததா இல்ல கையில வளர்த்ததான்னு. கையில வளர்ந்த இம்ப்ரின்ட் பறவை மனுஷங்களையே தன் இனம்னு நினைச்சுக்கும், குஞ்சா இருக்கறப்ப கொஞ்சிக்கிட்டே இருக்கும், பெருசானதும் நாள் பூரா கத்தும், சிலது சாப்பாடு வெக்கப் போற ஆளையே காலால அடிக்கும். ஈகிள் ஆவ்ல் காலால அடிச்சா அது சின்ன விஷயம் இல்ல. இதை மறைச்சுக் கொடுத்தீங்கன்னா ரெண்டே மாசத்துல அந்தப் பறவை மறுபடி விளம்பரத்துக்கு வந்துடும்.

உடம்பையும் பார்த்துடுங்க. வாய்க்குள்ள மஞ்சளா வெள்ளையா படிஞ்சிருக்கா (புதுசா அடிச்ச புறாவைத் தின்ன பறவைக்கு இது அடிக்கடி வரும்), பாதத்துல வீக்கமோ பொருக்கோ இருக்கா, எச்சம் வழக்கமான கருப்பு வெள்ளையில இருக்கா இல்ல பச்சையா போகுதா. பறவைகளைப் பார்த்துப் பழகின வெட்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்தா எடுத்துக்கற ஆளுக்கும் நம்பிக்கை வரும்.

அடுத்து பேப்பர் விஷயம், இதுல நிறைய பேர் குழம்புவாங்க. கூகை, டானி ஆவ்ல், கெஸ்ட்ரல், பெரெக்ரின், கோஸ்ஹாக், ஈகிள் ஆவ்ல் இதெல்லாம் சைட்டிஸ்ங்கற காட்டுயிர் வியாபார விதிகள்ல அனெக்ஸ் ஏ-ங்கற கண்டிப்பான பட்டியல்ல வருது, இதுகளை விக்கணும்னா ஆர்ட்டிகிள் 10 சர்டிபிகேட் வேணும், அதைக் கொடுக்கறது ஆஃபாங்கற அரசு ஏஜென்சி. பறவைக்கு பதிலா வேற பறவை, இல்ல தொலைஞ்ச பறவையைத் தேடற டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வாங்கிக்கறேன்னு சொன்னாலும் அது வியாபாரம்தான், சர்டிபிகேட் இல்லாம பண்ணக் கூடாது. எதுவுமே வாங்காம சும்மா கொடுக்கறதுக்கு இது தேவையில்ல. ஹாரிஸ் ஹாக்கும் ரெட் டெயில் ஹாக்கும் அனெக்ஸ் பி, அதுக்கு ஆர்ட்டிகிள் 10 கிடையாது. கோஸ்ஹாக், கோல்டன் ஈகிள் மாதிரி சில இனங்களுக்கு இன்னொரு ரெஜிஸ்ட்ரேஷன் தனியா இருக்கு, அது வளர்க்கற ஆள் பேர்ல இருக்கறது, அதனால இலவசமா கொடுத்தாலும் புது ஆள் தன் பேர்ல பண்ணியே ஆகணும்.

சர்டிபிகேட்லயே ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு அதுல பேர் இருக்கற ஆள் மட்டும் பயன்படுத்தறது, இன்னொண்ணு பறவை கூடவே போறது, உங்ககிட்ட எது இருக்குன்னு எடுத்துப் பாருங்க. எந்த இனமா இருந்தாலும் எங்க பொறந்தது, தாய் தகப்பன் யாருகிட்ட இருந்தது, ரிங் நம்பர் என்ன, எந்த தேதியில யாருக்குக் கொடுத்தீங்க, எல்லாம் ஒரு லெட்டரா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வெச்சுக்கங்க. நாளைக்கு யாராவது இது காட்டுல இருந்து பிடிச்சதான்னு கேட்டா அந்த லெட்டர்தான் பேசும்.

இந்தியாவுல இருந்து படிக்கறவங்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்ம பருந்து, வல்லூறு, ஆந்தை எதையும் வீட்டுல வளர்க்கவே கூடாது, அடிபட்டு கிடைச்சா வனத்துறைக்கு சொல்லணும்.

இப்ப எங்க தேடறது? யாருகிட்ட வாங்கினீங்களோ அந்த ப்ரீடர்கிட்ட முதல்ல கேளுங்க, பொறுப்பான ப்ரீடர் திரும்ப எடுத்துப்பார், இல்லன்னா ஆள் காட்டுவார். அப்புறம் ஃபால்கன்ரி, அதாவது பறவையை வெச்சு வேட்டையாடறவங்களோட கிளப்புகள். பிரிட்டிஷ் ஃபால்கனர்ஸ் கிளப் 1927ல இருந்து இருக்கு, அது இல்லாம அந்தந்த ஏரியாவுலயும் கிளப் இருக்கும், அங்க ஒருத்தர் பறவையை எப்படி வெச்சிருக்கார்னு மத்தவங்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் எந்த விளம்பரத்துலயும் கிடைக்காது. வேட்டைக்குப் பழகின ஹாரிஸா இருந்தா புதுசா கத்துக்கறவங்களுக்கு அது வரம், ஏற்கனவே பழகின பறவைதான் அவங்களுக்குப் பொறுமையா சொல்லித் தரும். ஹாரிஸ் காட்டுலயே கூட்டமா சேர்ந்து வேட்டையாடற இனம், அதனால வேற ஹாரிஸ் இருக்கற இடத்துலயும் சேர்ந்துக்க வாய்ப்பு இருக்கு, ஆனா கோஸ்ஹாக்கை அப்படி சேர்த்து விட்டா ஒண்ணை ஒண்ணு கொன்னுடும்.

வேட்டைப் பறவைகளை வெச்சிருக்கற சென்டர்கள்கிட்ட கேக்கலாம், தப்பில்ல. நியூவென்ட்ல இன்டர்நேஷனல் சென்டர் ஃபார் பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே, ஆண்டோவர் பக்கம் ஹாக் கன்சர்வன்சி ட்ரஸ்ட் மாதிரி பெரிய இடங்கள் இருக்கு, ஆனா எல்லாரும் இதே பறவைகளோடதான் அங்க போன் பண்றாங்க. கூகையும் ஹாரிஸும் அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கும், இடமில்லன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க, யாரையாவது தெரியுமான்னு கேட்டு வெச்சுக்கங்க. பறவையைக் காட்டி காசு வாங்கற இடத்துக்குக் கொடுக்கறதா இருந்தா, இங்கிலாந்துல அவங்களுக்கு லோக்கல் கவுன்சில் லைசன்ஸ் இருக்கணும், காட்டச் சொல்லுங்க. கல்யாணத்துல மோதிரம் தூக்கிட்டு வர கூகை கேக்கறவங்களும் வருவாங்க. வாரா வாரம் சனிக்கிழமை சத்தத்துக்கும் கேமரா ஃப்ளாஷுக்கும் நடுவுல ஒரு ராத்திரிப் பறவை பறக்கறதை என்னால ஏத்துக்க முடியாது, நான் கொடுக்க மாட்டேன்.

ஆள் கிடைச்சாச்சுன்னா நேர்ல போய்ப் பாருங்க, இதை மட்டும் விட்டுக் கொடுக்கவே கூடாது. போட்டோ அனுப்பறேன்னு சொல்றவங்ககிட்டயும் நான் வந்து பார்க்கறேன்னே சொல்லுங்க. ஏவியரி கட்டி முடிச்சிருக்கா இல்ல "அடுத்த வாரம் கட்டிடுவேன்"னு சொல்றாரா, மழையும் காத்தும் படாம ஒதுங்க இடம் இருக்கா, உள்ள போக ரெண்டு கதவு இருக்கா (ஒண்ணு மட்டும் இருந்தா ஒரு நாள் பறவை பறந்துடும்), நரியோ நாயோ வர வழி இருக்கா. அப்படியே ஃப்ரீஸரைக் காட்டச் சொல்லுங்க, கோழிக்குஞ்சு, காடை, எலி எல்லாம் ஸ்டாக் இருந்தா ஆள் யோசிச்சு வெச்சிருக்கார்னு அர்த்தம், கடையில கறி வாங்கிப் போட்டுடலாம்னு சொன்னா அவருக்கு எலும்பும் முடியும் இறகும் பறவைக்கு எதுக்குன்னே தெரியல. லீவுல ஊருக்குப் போனா யார் பார்ப்பாங்க, வெட் யாரு, வாடகை வீடா, ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா, வீட்டுல மத்தவங்களுக்கு சம்மதமா, எல்லாம் கேளுங்க. இவ்வளவு கேக்கறீங்களேன்னு எரிச்சல் படறவரை விட்டுடுங்க, நல்ல ஆள் உங்களையே திருப்பி அதிகமா கேள்வி கேப்பார்.

பையன் பொறந்தநாளுக்கு சர்ப்ரைஸா வேணும்னு கேட்டா கொடுக்காதீங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு எந்தப் பிராணியையும் விக்கவே கூடாது, அதைத் தாண்டி அப்பா பேர்ல வாங்கினாலும் தினமும் எடை போட்டு சுத்தம் பண்ணப் போறது யாருங்கற கேள்வி இருக்கு.

விலை வைக்கலாமா வேணாமா? என் கருத்து, பேப்பர் சரியா இருந்து விக்க அனுமதி இருக்கற பறவைன்னா ஒரு நியாயமான விலை வைங்க. இலவசம்னு போட்டா யோசிக்காத ஆட்களும் சேர்ந்து வருவாங்க, சிலர் வாங்கி அடுத்த வாரமே வேற ஊர்ல வித்துடுவாங்க, அப்படி கை மாறி கை மாறி போற பறவையை அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. நல்லா தெரிஞ்ச ஆளுக்கு சும்மா கொடுக்கறது வேற. எப்படி கொடுத்தாலும் "வெச்சுக்க முடியலன்னா எங்கிட்டயே திருப்பிக் கொடுங்க"ங்கற வரியை அந்த லெட்டர்ல சேர்த்துடுங்க.

கொடுக்கற அன்னிக்கு காலையில வயித்தைக் காலியா வைங்க, தின்னுட்டு வண்டியில போனா வாந்தி எடுக்கும். இருட்டா காத்தோட்டமா இருக்கற பெட்டி, கீழ வழுக்காம கார்ப்பெட் துண்டு, கம்பிக் கூண்டு மட்டும் வேணாம், இறகு முழுக்க ஒடிஞ்சு போயிடும். அன்னிக்கு எடை போட்டு எழுதிக் கொடுங்க, ஒரு வாரத்துக்குப் பழகின சாப்பாடும் க்ளவ்வும் ஜெஸ்ஸும் (கால்ல கட்டற தோல் வார்) கூடவே கொடுங்க. இடம் மாறின அதிர்ச்சியில ஆஸ்பர்ஜில்லோசிஸ்ங்கற பூஞ்சை நோய் நுரையீரல்ல வரலாம், கோஸ்ஹாக், கோல்டன் ஈகிள், ஸ்நோயி ஆவ்ல் இதுகளுக்கு ஆபத்து ரொம்ப அதிகம், அதனால முதல் சில வாரம் மூச்சு வாங்குதா, குரல் மாறுதா, எடை இறங்குதான்னு பார்க்கச் சொல்லுங்க, நீங்களும் போன் பண்ணிக் கேளுங்க.

புது ஆள் ஒரு மாசத்துக்குள்ள பறவையை அரசு ரெஜிஸ்டர்ல பதியணும், பறவைக் காய்ச்சல் காரணமா 2024ல இருந்து ஒரே ஒரு பறவை வெச்சிருந்தாலும் இது கட்டாயம். ரிங்கோ சிப்போ இண்டிபெண்டன்ட் பேர்ட் ரெஜிஸ்டர்ல இருந்தா அங்கயும் பேரை மாத்திடுங்க, தொலைஞ்சு போனா யாருக்கு போன் வரணும்னு அதுதான் முடிவு பண்ணும்.

தேடித் தேடி யாரும் கிடைக்கலன்னா? சரியில்லாத வீட்டுக்குக் கொடுக்கறதுக்கு பதிலா நீங்களே வெச்சுக்கங்க, ஏவியரியைப் பெருசாக்குங்க, பறக்க விடாட்டியும் நல்ல கூண்டுல நல்ல சாப்பாட்டோட பறவை நல்லாவே இருக்கும். அதோட இந்த வருஷமே பெருக்கத்தை நிறுத்துங்க. கூகை ஒரு வயசு ஆகறதுக்குள்ளயே முட்டை போடும், அண்ணன் தங்கச்சின்னு பார்க்காது, ஒரே வருஷத்துல ரெண்டு தடவை கூட பொரிக்கும். ஆணையும் பெண்ணையும் பிரிச்சு வைங்க, பிரிக்க முடியலன்னா முட்டையை எடுத்துட்டு அதே சைஸ்ல டம்மி முட்டை வைங்க. வெறுமனே எடுத்தா மறுபடி போட்டுடும், டம்மி மேல அது ஒரு மாசத்துக்கு மேல உக்காந்து அதுவா சலிச்சு எழுந்திரிக்கற வரைக்கும் விட்டுடணும், அதுக்கப்புறம் எடுத்துட்டு கூடு வைக்கற பெட்டியையும் கழட்டிடுங்க. டம்மி முட்டையை குளிர்காலத்துலயே வாங்கி வெச்சுடுங்க, முதல் முட்டை வந்ததும் தேடினா லேட்டாயிடும்.