சிங்கப்பூர் சைட்ல ஆளை உயரத்துல ஏத்துறதுக்கு முன்னாடி முதலாளி செய்ய வேண்டியது

உடம்புல மாட்டுற பாதுகாப்பு பெல்ட் குடுத்தாச்சு, நம்ம வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, 2013ல வந்த விதிப்படி 3 மீட்டருக்கு மேல விழ வாய்ப்பிருக்கிற வேலைன்னா அந்த வேலைக்கான எழுத்து அனுமதி (பெர்மிட்) இல்லாம ஆளை ஏத்தவே கூடாது. மொதல்ல அதைக் கீழயே செஞ்சு மேல தூக்க முடியுமான்னு பாருங்க, முடியலன்னா ஓரத்துல தடுப்புக் கம்பி அடிங்க, பெல்ட்டெல்லாம் அதுக்கு அப்புறம்தான். பெல்ட்டோட ஹூக்கை எங்க மாட்டணும்னு நீங்கதான் காட்டணும், பிவிசி பைப்புல மாட்டிட்டு நிக்கிற தம்பிங்களை நானே பாத்திருக்கேன், வயித்தைக் கலக்கும். பெல்ட்டையும் ஹூக்கையும் இணைக்கிற லேன்யார்ட் கயிறை தினமும் விரலால தடவிப் பாருங்க, நூல் பிரிஞ்சிருந்தாலோ வெல்டிங் பொறி பட்டு கருகியிருந்தாலோ அப்பவே வெட்டிப் போடுங்க, புதுசு வாங்குற காசை அவங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது. விழுந்து பெல்ட்டுல தொங்குறவரை சீக்கிரம் இறக்கியாகணும், தொடைப்பட்டை இறுக்கி ரத்தம் மேல ஏறாது, அதனால யாரு எதை எடுத்துட்டு ஓடணும்னு காலையில வேலைக்கு முன்னாடி நடக்குற டூல்பாக்ஸ் மீட்டிங்லயே பேர் சொல்லி வச்சிடுங்க.