காற்றின் சூடா, கருவியின் சூடா? மேல்வளி அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோசோண்ட் 1930 வாக்கில் வந்த கருவி. பலூனில் தொங்கிக்கொண்டு மேலே போகும், வழியெங்கும் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் வானொலி அலையில் தரைக்கு அனுப்பும். இன்றும் பல நூறு நிலையங்கள் கிரீனிச் நேரப்படி தினம் இரண்டு முறை இப்படிப் பலூன் விடுகின்றன. இத்தனை ஆண்டுப் பதிவு கையில் இருக்கிறதே, வரைபடம் போட்டால் காலநிலை மாற்றம் தானே தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் முளைக்கின்றன.

அந்தப் பலூன்கள் விடப்பட்டது நாளைய வானிலையைச் சொல்ல. அதற்கு அரை டிகிரி பிசகினாலும் குடி முழுகிவிடாது. காலநிலைக் கணக்கு அப்படியில்லை. கீழ்வளியின், அதாவது தரையை ஒட்டிய வளிமண்டல அடுக்கின், வெப்பம் பத்தாண்டுக்கு ஏறுவதே ஒரு டிகிரியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். கருவியின் பிசகு அதைவிடப் பெரிதாக இருந்தால் உங்கள் வரைபடத்தில் ஏறுவது காற்றின் சூடா, கருவியின் சூடா?

கருவியும் சூடாகும் என்பதை மறந்துவிடுகிறோம். பகலில் வெயில் உணரியின் மேல் நேரடியாக விழுகிறது. கீழே அடர்ந்த காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிது. சூட்டை வாங்க ஆளில்லை. அதனால் உயரம் கூடக்கூட உணரி உண்மையைவிட அதிகம் காட்டும். இதைத் திருத்துவதற்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அந்தக் கணக்கை மென்பொருளுக்குள் பூட்டி வைத்துவிட்டு, திருத்திய எண்ணை மட்டும் சேமிப்பது என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பெரிய பாவம். பின்னாளில் நல்ல திருத்தமுறை வந்தாலும் பழைய பதிவைச் சீர்செய்ய வழியிருக்காது.

இதற்காகத்தான் க்ருவான் என்ற வலையமைப்பு 2008-ல் தொடங்கப்பட்டது. உலகக் காலநிலைக் கண்காணிப்பு அமைப்பின் கீழ் இயங்குவது. தலைமை மையம் ஜெர்மனியின் லிண்டன்பெர்க்கில், 1905 முதல் மேல்வளியை ஆராய்ந்துவரும் வானாய்வகத்தில் இருக்கிறது. நிலையங்கள் மூல அளவீட்டை அப்படியே அங்கே அனுப்புகின்றன. திருத்தம் எப்படிச் செய்யப்பட்டது என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எவ்வளவு பிசகலாம் என்ற எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கண்டு “இவர்களுக்கே சந்தேகம்” என்று சொல்வது இன்னொரு தவறு. பிசகு அளவே தராத பதிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்புறம், க்ருவானில் நிலையங்கள் ஏன் குறைவு என்று கேட்பார்கள். பூமி முழுவதையும் மூடுவது அதன் வேலை இல்லை, மற்ற வலையமைப்புகளுக்கு அளவுகோலாக இருப்பதே வேலை.

நிலையம் நடத்துபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: பழைய சோண்ட் தீர்ந்ததும் மறுநாளே புது மாடலுக்குத் தாவுவது. பதிவில் ஒரு படிக்கட்டு விழும். பிறகு அதை யாராவது காலநிலை என்று வாசிப்பார்கள். வைசாலா நிறுவனத்தின் ஆர்எஸ்92 என்ற சோண்ட் மாடல் போய் ஆர்எஸ்41 வந்தபோது க்ருவான் நிலையங்களில் இரண்டையும் ஒரே பலூனில் கட்டிப் பல முறை பறக்கவிட்டார்கள். செலவுதான். ஆனால் விட்டுப்போன ஒப்பீட்டைப் பின்னர் எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

சரி, செயற்கைக்கோள் இருக்கும்போது பலூன் எதற்கு? 1978 இறுதியிலிருந்து நுண்ணலைக் கருவிகள் வளிமண்டலத்தின் வெப்பத்தை அளந்துவருகின்றன. அவற்றின் பதிவை வைத்து, கீழ்வளி சூடாகவே இல்லை என்று 1990-களில் பெரிய வாதம் நடந்தது. செயற்கைக்கோள்கள் மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருந்ததால் பதிவில் ஒரு பொய்க் குளிர்ச்சி சேர்ந்திருந்தது 1998-ல் தெரிந்தது. செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடந்து அளக்கும் உள்ளூர் நேரம் மெல்ல நகர்வதற்கான திருத்தத்திலும் பிழை இருப்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். செயற்கைக்கோளுக்கும் வயதாகும், இடம் நகரும். ஜிபிஎஸ் அலைகள் வளிமண்டலத்தில் எவ்வளவு வளைகின்றன என்று பார்க்கும் முறை இதில் நம்பகமானது. அதுவும் ஈரம் நிறைந்த தாழ்ந்த அடுக்கில் தடுமாறும், வெப்பத்தையும் நீராவியையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, வாசிப்பவர்களின் தவறு. மேலே குளிர்கிறது என்ற செய்தியைப் பார்த்ததும் புவி வெப்பமாதல் பொய் என்று கிளம்பிவிடுகிறார்கள். கரியமில வாயு கூடினால் கீழ்வளி சூடாகும், அதற்கு மேலே உள்ள மீளடுக்கு, அதாவது ஸ்ட்ராட்டோஸ்பியர், குளிரும். காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967-லேயே கணக்கிட்டுக் காட்டியது இது. வெயில் மட்டும் கூடியிருந்தால் இரண்டும் சேர்ந்து சூடாகியிருக்கும். எனவே நடுவளி, அதாவது கீழ்வளியின் நடுப்பகுதி, என்று தரப்படும் செயற்கைக்கோள் பதிவை எடுக்கும்போது கவனம் தேவை. மீளடுக்கின் குளிர்ச்சி அதில் கொஞ்சம் கலந்திருக்கும், சூடேற்றம் குறைந்ததுபோல் தெரியும்.

மீளடுக்குக் குளிர்ச்சியை வரைபவர்கள் தொடக்க ஆண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1991-ல் பினாடுபோ எரிமலை வெடித்து கீழ் மீளடுக்கை இரண்டு ஆண்டுகளுக்குச் சூடாக்கி வைத்தது. வரைபடக் கோட்டை 1992-ல் தொடங்கினால் குளிர்ச்சி மிகையாகத் தெரியும். 1992-ல் முடித்தால் குறைவாகத் தெரியும்.