மக்னடைட்டு நனோ துணிக்கைகளைத் தயாரித்தல்: பெரசு உப்பைக் காப்பதே பாதி வேலை

மக்னடைட்டு என்பது காந்தத்தால் இழுபடும் கரிய இரும்பு ஒட்சைட்டு. அதன் நனோ துணிக்கைகளைத் தயாரிக்கப் பல வழிகள் உண்டு. ஆயினும் திருகோணமலையில் ஓர் இளங்கலை ஆய்வுகூடத்திலோ உயர்தர வகுப்புக்குரிய நல்லதொரு பாடசாலை ஆய்வுகூடத்திலோ கைக்கு எட்டக்கூடியது இணை வீழ்படிவு முறை ஒன்றே. 1981இல் மசார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வெளியிட்ட முறையின் வழிவந்த இதன் அடிப்படை மிக எளிது: இரண்டு பங்கு பெரிக்கு அயனும் (Fe³⁺) ஒரு பங்கு பெரசு அயனும் (Fe²⁺) காரக் கரைசலில் எட்டுப் பங்கு ஐதரொட்சைட்டு அயனோடு சேர்ந்து கரிய மக்னடைட்டாக வீழ்படிகின்றன. புல்மோட்டைக் கருமணலிலிருந்தே இரும்பை எடுத்தால் என்ன என்ற கேள்வி இம்மாவட்டத்தில் எழுவது இயல்பு. ஆனால் அம்மணலின் முக்கிய கனியமான இல்மனைட்டில் இரும்போடு தைத்தேனியமும் பிணைந்திருப்பதாலும், அதைக் கரைக்கச் சூடான செறிந்த அமிலம் வேண்டியிருப்பதாலும், தொடக்கநிலையாளர் அந்தப் பக்கம் போகாதிருப்பதே நல்லது.

இம்முறையில் தவறு நேரும் இடம் பெரும்பாலும் கலக்கும் கணமன்று. அதற்கு முன்னரே பெரசு அயன் வளியிலுள்ள ஒட்சிசனால் பெரிக்கு அயனாக மாறிவிடுவதுதான். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அப்போதே குலைந்துவிடும். பலமுறை திறந்து மூடப்பட்ட பெரசுக் குளோரைட்டுப் போத்தலில் இளம்பச்சைப் பளிங்குகளுக்குப் பதிலாக மஞ்சளும் பழுப்புமான கட்டிகள் தெரிந்தால், அதை எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் பயனில்லை. ஆகவே, வளியில் ஒப்பீட்டளவில் நிலையானதும் நமது பாடசாலை ஆய்வுகூடங்களில் பழக்கமானதுமான மோர் உப்பையே, அதாவது பெரசு அமோனியம் சல்பேற்றையே, நான் பரிந்துரைப்பேன். அதிலும் ஐயம் இருப்பின், சிறிதளவை ஐதான சல்பூரிக்கு அமிலத்தில் கரைத்துப் பொற்றாசியம் பரமங்கனேற்றால் நியமித்து, அதாவது அக்கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பெரசு அயனின் அளவைப் பார்க்கலாம். 1 மூல் பரமங்கனேற்று 5 மூல் பெரசு அயனோடு தாக்கமடையும் என்பது உயர்தர மாணவர் அறிந்ததே.

பெரிக்குக் குளோரைட்டின் அறுநீரேற்று 5.41 கிராமும் (0.02 மூல்) மோர் உப்பு 3.92 கிராமும் (0.01 மூல்) தேவைப்படும். பெரிக்குக் குளோரைட்டு ஈரத்தை உறிஞ்சிக் கசியும் இயல்புடையது. கடற்காற்றின் ஈரமும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்து மழையும் சேரும் இவ்வூரில், போத்தலைத் திறந்தவுடன் நிறுத்து, உடனே இறுக மூடிவிட வேண்டும்.

காய்ச்சி வடித்த நீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, மூடியபடியே ஆறவிட்டால் அதில் கரைந்துள்ள ஒட்சிசனின் பெரும்பகுதி நீங்கும். நைதரசன் உருளை இருந்தால் வாயுவை நீரினூடாகக் குமிழியிடச் செய்வது அதனினும் சிறந்தது. கிணற்று நீரையோ குழாய் நீரையோ பயன்படுத்தக் கூடாது. பெரிக்கு உப்பை இந்நீரில் 100 மில்லிலீற்றரிலும், மோர் உப்பை இலீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக்கு அமிலம் 25 மில்லிலீற்றரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். அமிலச் சூழலில் பெரசு அயன் மெதுவாகவே ஒட்சியேற்றப்படும் என்பதே அமிலம் சேர்ப்பதன் காரணம். ஆயினும் கரைசலை மறுநாளுக்கென்று வைத்திருப்பது தகாது.

இரண்டையும் ஒரு குடுவையில் சேர்த்து, 70 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, பலமாகக் கலக்கியவாறே 25 சதவீத அமோனியாக் கரைசல் 25 மில்லிலீற்றரைச் சேர்க்க வேண்டும். அமோனியா ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும் என்பதால் இதைப் புகை உறிஞ்சும் அலுமாரிக்குள், கண்ணாடியும் கையுறையும் அணிந்தே செய்ய வேண்டும். அமோனியாவைத் துளித்துளியாக விட்டால் முதலில் தோன்றிய கருக்கள் வளர்ந்து பெரிதாகி, துணிக்கைகளின் பருமன் சீரற்றுப் போகும். விரைவாகச் சேர்ப்பதே சிறிய துணிக்கைகளைத் தரும். காந்தக் கலக்கியில் குடுவைக்குள் சுழலும் காந்தத் துண்டில் விளைபொருள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மேலிருந்து சுழலும் பொறிமுறைக் கலக்கி இருப்பின் அதுவே ஏற்றது. ஆறவைத்த ஒரு துளியைத் தாளில் சோதிக்கும்போது பீஎச் பெறுமானம் 9ஐத் தாண்டியிருக்க வேண்டும். குறைந்தால் இன்னும் சிறிது அமோனியா சேர்க்கலாம்.

கலவை உடனே கன்னங்கரேலென்று மாறினால் வேலை சரியாக நடந்திருக்கிறது. செம்பழுப்பு நிறம் தோன்றினால் பெரசு அயன் போதவில்லை என்று கொள்ள வேண்டும். அப்போது மேலும் சூடாக்கிக்கொண்டிருப்பதைவிட உப்பை மாற்றித் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். அதே வெப்பநிலையில் ஒரு மணி நேரம் கலக்கியபின், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தமேனும் ஒன்றை முகவையின் அடியில் வைத்து, துணிக்கைகள் படிந்ததும் மேல்நீரை வடித்துப் புதுநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வடித்த நீரில் சில துளிகளை அமிலமாக்கி, வெள்ளி நைத்திரேற்றும் பேரியம் குளோரைட்டும் வெவ்வேறாக இட்டாலும் கலங்கல் தோன்றாத நிலை வரும்வரை கழுவுதலைத் தொடரலாம். உப்புகள் நீங்க நீங்கத் துணிக்கைகள் நீரில் மிதந்து நிற்கத் தொடங்கும்; அது குறையன்று, காந்தத்தை அதிக நேரம் வைத்தால் போதும்.

முழுதும் கிடைத்தால் விளைச்சல் ஏறத்தாழ 2.3 கிராம். உலர்த்தினால் துணிக்கைகள் கட்டிபடும், வளிபட்டு, பெரிக்கு அயன் மட்டுமே உள்ள இரும்பு ஒட்சைட்டான மக்கமைட்டாகவும் மாறும். ஆதலால் உலர்த்தத் தேவையற்ற வரையில் ஒட்சிசன் நீக்கிய நீரில் கலந்த தொங்கலாகவே, போத்தலை விளிம்புவரை நிரப்பி மூடிவைப்பது நன்று. மக்கமைட்டும் காந்தத்தால் இழுபடும் என்பதால், இழுபடுவதை மட்டும் வைத்து மக்னடைட்டு என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. பளிங்கில் பட்ட எக்சு கதிர் எக்கோணங்களில் வலுவாக வெளிப்படுகிறது என்பதைக் காட்டும் எக்சு கதிர் விளிம்பு வளைவுப் பதிவிலும் இவ்விரண்டின் உச்சங்களும் நெருங்கியே அமையும். பருமனைக் கணிப்பதற்கே அப்பதிவு பெரிதும் உதவும். செப்பிலிருந்து எழும் எக்சு கதிரால் பெறப்படும் பதிவில் 35.5 பாகையில் தோன்றும் உச்சத்தின் அரை உயர அகலம், கருவியின் பங்கைக் கழித்தபின், 0.83 பாகை எனில், உச்சத்தின் அகலத்திலிருந்து பருமனைக் கணிக்கும் செரர் சமன்பாட்டின்படி பளிங்கின் பருமன் ஏறத்தாழ 10 நனோமீற்றர் ஆகும்.

கழுவிய நீரில் அமோனியா எஞ்சியிருக்கும். நமது கரையோர மணல்நிலத்தில் கிணறுகள் ஆழமற்றவை. ஆகையால் அதை ஐதான அமிலத்தால் நடுநிலையாக்கி, ஆய்வுகூடக் கழிவுக் கலனில் சேர்க்க வேண்டுமேயன்றி முற்றத்தில் ஊற்றக் கூடாது.