போர்க்காலத்துப் பிள்ளைகளைப் பற்றி இளையோருக்குக் கதை எழுதுவது எப்படி?

முதலில் காலத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர் முழுவதும் ஒரு சிறுவர் நாவலுக்குள் அடங்காது. ஆனால், பிரிட்டனின் நகரங்களிலிருந்து பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 முதல், லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கிய 1940 செப்டம்பர் 7 வரையிலான ஓராண்டு தாராளமாகப் போதும். எதிர்பார்த்த குண்டுகள் முதல் சில மாதங்களில் விழாததால், பெற்றோர் பலர் அனுப்பிய பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். மகளை வீட்டுக்குக் கூட்டிவரும் தாய்க்கு நிம்மதி, மகளுக்கோ கொண்டாட்டம். அடுத்து வரப்போவதை அறிந்தவர் எழுத்தாளர் மட்டுமே.

அந்த அறிவை அவர் கதைக்குள் கசியவிடக் கூடாது என்பதே இவ்வகை எழுத்தின் தலையாய விதி என்பேன். ‘பின்னால் நிகழப்போகும் பேரிழப்பை அவள் அறிந்திருக்கவில்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டாலும், வாசிக்கும் பிள்ளை கதைமாந்தரின் அருகிலிருந்து விலகி வரலாற்று ஆசிரியரின் அருகில் போய் உட்கார்ந்துவிடும். இதைத் தவிர்க்க, எழுதத் தொடங்குமுன் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகவும், மறுபுறம் அவை அந்தப் பிள்ளையின் காதுக்கு எப்போது, யார் மூலம், எவ்வளவு திரிந்து வந்து சேர்ந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபுறத்தில் இடம்பெறாத எதற்கும் கதையில் இடமில்லை.

தேடிச் சேர்த்த விவரங்களையெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே கொட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ரயிலேறிய பிள்ளைகளின் மேலங்கியில் பெயர்ச்சீட்டு இருந்தது, நச்சுவாயு முகமூடி அட்டைப்பெட்டியில் தோளில் தொங்கியது, அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதற்குக் கதை நெடுகிலும் வேலை கொடுங்கள். மழையில் நைந்து மூலை பிய்ந்த அட்டைப்பெட்டியை, புது ஊரில் யாரோ ஒருவர் கேட்காமலே நூல் கொண்டு தைத்துக் கொடுத்தால், அந்த வீட்டாரைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதத் தேவையிருக்காது.

மரணத்தைச் சொல்வதுதான் கடினம். 1938 டிசம்பருக்கும் போர் தொடங்கிய காலத்துக்கும் இடையில், நாஜி ஆட்சியிலிருந்து சுமார் 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதர்கள், பெற்றோரின்றிப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டனர். போர் மூண்டு நேரடி அஞ்சல் நின்றபின், செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக 25 சொற்களுக்கு மிகாத செய்திகளே போய்வந்தன. விரல்விட்டு எண்ணி, ‘அன்புள்ள’ என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தம்பியின் பெயரைச் சேர்க்கும் ஒரு சிறுமியைக் காட்டுங்கள். பிறகு பதில்கள் அரிதாகட்டும், ஒருநாள் நின்றுபோகட்டும். பத்து வயது வாசகருக்கு வதைமுகாமின் வாசல்வரை போக வேண்டியதில்லை. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு எழுதினால், போருக்குப் பின் அவளுக்கு உண்மை தெரியவரும் காட்சியைத் தவிர்க்கக் கூடாது. அப்போதும் ‘இறந்துவிட்டார்கள்’ என்றே எழுதுங்கள். மழுப்பலான சொற்கள் பிள்ளைகளைக் காப்பதில்லை, குழப்பவே செய்கின்றன. காயங்களை வருணித்து அச்சுறுத்துவதும் வேண்டாம்.

கதைமாந்தர் ஒற்றர்களைப் பிடித்துப் போரின் போக்கை மாற்றினால் அது வேறு வகைக் கதை. அவர் எடுக்கும் முடிவு சிறியதாகவும் முழுக்க அவருடையதாகவும் இருக்கட்டும். உடன்பிறந்தோர் வெவ்வேறு வீடுகளில் தங்கவைக்கப்படுவது அன்று நடந்ததுதான். தம்பியைத் தனியே அனுப்பச் சம்மதிப்பதா, இருவரையும் ஏற்கும் வீடு கிடைக்கும்வரை அசையாமல் நிற்பதா என்பது ஓர் அக்காவுக்குப் போதுமான போர்க்களம்.

எதிரி நாட்டவர் அனைவரையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள். எது நிகழ்ந்தது, எது கற்பனை என்பதை இறுதியில் ஒரு பக்கப் பின்னுரையில் பிரித்துச் சொல்லிவிடுங்கள். கைப்பிரதியை அந்த வயதுப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்து, அவர்கள் ‘ஏன்?’ என்று கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கதைமாந்தருக்குத் தெரிந்திருக்கக்கூடிய விடையைக் கதையிலும், மற்றதைப் பின்னுரையிலும் சேர்க்கலாம்.