தானா ரத்தாவில் குடும்பத்தோடு நடக்க: நாலாம் எண், ஒன்பதாம் எண் பாதைகள்

மலேசியாவின் கேமரன் மலைக் காட்டுப் பாதைகளுக்கு எண்தான் அடையாளம். தானா ரத்தாவில் யாரிடமாவது வழி கேட்டால் "நாலா, ஒம்பதா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்கு இந்த இரண்டும் போதும். நாலாம் எண்ணுக்கு ஒரு மணி நேரம். ஒன்பதில் தொடங்கி, அதிலிருந்து பிரியும் ஒன்பது ஏ வழியாக இறங்க ஒரு காலைப் பொழுது. ஜாசார், பெரெம்பான் மலைகளுக்கு ஏறும் பாதைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரெம்பான் உச்சி 1,800 மீட்டருக்கு மேல். ஊரே 1,400 சொச்சத்தில் இருக்கிறது, மிச்சம் கொஞ்சம்தானே என்று தோன்றும். அந்தக் கொஞ்சத்தில் பல இடங்களில் வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கே போக நினைப்பவர்கள் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொண்டு, வழிகாட்டியோடு போகட்டும்.

எந்தப் பாதையானாலும் காலை எட்டு மணிக்குக் காட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும். இங்கே மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் பிடிக்கும். சூரியன் ஏழு மணிக்கு மேல் மறைந்தாலும், பள்ளத்தாக்குக்குள் மரநிழலில் ஆறு மணிக்கே பாதை கண்ணுக்குத் தெரியாது. ஒரு மணிக்குள் வெளியே வரும்படி கணக்குப் போடுங்கள். மழை அதிகம் பிடிக்கும் மாதங்கள் ஏப்ரல்–மே, பிறகு அக்டோபர்–நவம்பர். அந்த மாதங்களில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. ஆகவே முதல் நாள் மாலையே தங்குமிடத்தில் விசாரித்துவிடுங்கள். எந்த எண் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நாலாம் எண், பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கை நோக்கிய முனையில் ஆற்றை ஒட்டித் தொடங்குகிறது. பாரிட் அருவிக்கு இருபது நிமிடம், பிள்ளைகளோடு போனால் அரை மணி. இன்னும் நடந்தால் கோல்ஃப் மைதானத்தின் பக்கம் வெளியே வரலாம். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் அருவியில் குளிக்க வேண்டாம், முகம் கழுவவும் வேண்டாம். மேலே குடியிருப்புகள் இருக்கின்றன. மழை பெய்தால் அங்கிருந்து குப்பையும் சாக்கடையும் சேர்ந்தே இறங்கும். முதல் நாள் காலைப் பழக்க இது நல்ல பாதை. சப்பாத்து கடிக்கிறதா, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

சப்பாத்து விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் ரப்பர் சப்பாத்து, கடைகளில் 'அடிடாஸ் கம்போங்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். அடியில் குமிழ் குமிழாகப் பல் இருக்கும். இந்த மலையின் களிமண்ணில் அந்தப் பல் இறங்கிப் பிடிக்கும். ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தின் மெல்லிய வரிகளில் நாலு அடிக்குள் மண் அப்பிக்கொள்ளும், அதற்குமேல் அது வழுவழுத்த பலகைதான். ரப்பர் சப்பாத்துக்குள்ளே மெத்தை கிடையாது. அதனால் தடித்த காலுறை போட்டு, ஒரு அளவு கூட்டி வாங்குங்கள். இறங்கும்போது விரல்நுனி முன்னால் முட்டினால் நகம் கறுத்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட் அல்லது வாழைப்பழம், மழைக்கோட்டு, கைவிளக்கு. ஒற்றையடிப் பாதையில் குடை விரிக்க இடமிருக்காது.

அட்டைக்குப் பயந்து யாரும் வராமல் இருக்க வேண்டாம். காலுறையைக் காற்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டு, விளிம்பில் கோடாலித் தைலம் தடவினால் பாதி அட்டை ஏறாது. மழையில் தைலம் கழுவிப்போகும், திரும்பத் தடவ வேண்டும். ஏறிவிட்டால் உப்புப் போடாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். அட்டை குடித்ததைக் கடிவாயிலேயே கக்கும், புண் சீழ் பிடிக்கும். அட்டைக்கு இரண்டு முனை. மெலிந்த முனைதான் வாய். தோலோடு ஒட்டி நகத்தைப் படுக்கையாக வைத்து, அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும். உடனே தடித்த முனையையும் அதேபோல் நெம்பி, சுண்டி எறியுங்கள். தாமதித்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வடியும். இரத்தம் உறையாதபடி அட்டையின் எச்சிலே செய்துவிடுகிறது. கழுவி, அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டினால் சரியாகிவிடும்.

ஒன்பதாம் எண்ணுக்கு ஊரிலிருந்து மார்டி சாலை வழியாக ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மார்டி என்கிற வேளாண் ஆய்வு நிலைய வளாகத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு போனால் சாலை முடிகிற இடத்தில் பாதை தொடங்கும். கால் மணி நேரத்தில் ராபின்சன் அருவியின் இரைச்சல் கேட்கும். பார்க்க அழகு, குளிக்க இதுவும் ஆகாது. இந்தப் பாதையில் தனியாள் போகக்கூடாது. மூன்று பேராவது சேர்ந்து போங்கள். கீழே இறங்கினால் கைபேசி அலை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அருவியைத் தாண்டியதும்தான் கவனம் வேண்டும். எட்டாம் எண் பிரிந்து பெரெம்பான் பக்கம் மேலே ஏறும். பாதை திடீரென்று செங்குத்தாக ஏறத் தொடங்கினால் தவறிவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னும் போனால் ஓர் இரும்பு வாயில். அதன் வழியாக இறங்குவது ஒன்பதாம் எண்ணின் மிச்சம், நீர்மின் நிலையத்துக்குப் போகும் குழாயை ஒட்டியே சரேலென்று இறங்கும். கீழே போவது சுலபமாகத் தெரிவதால் பலர் அதில் இறங்கி, பாதியில் முழங்கால் நடுங்கி நின்றுவிடுகிறார்கள். திரும்ப ஏறுவது அதைவிடக் கொடுமை. வாயிலுக்குள் போகாமல் பிரிகிற ஒன்பது ஏ-தான் உங்கள் வழி. எண் பலகை விழுந்து கிடக்கலாம், பாசி மூடியிருக்கலாம். வாயிலை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் நடந்தும் சந்தேகமாகவே இருந்தால், கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கே திரும்புங்கள். குறுக்கு வழி தேடி ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள், இந்த மலையில் ஓடைகள் பாறை விளிம்பில் போய் விழும். வழியே தெரியாமல் போனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அலை கிடைக்கும்போது 999க்கு அழையுங்கள்.

சறுக்கும்போது கை தானாகவே எட்டின செடியைப் பற்றும். அது பிரம்பாக இருந்தால் உள்ளங்கை முழுக்க முள். அதனால் இறக்கத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, சின்ன அடியாக வையுங்கள். வேரின்மேல் மிதிக்காதீர்கள், ஈரவேர் சோப்பு மாதிரி. சறுக்கியே தீரும் என்றால் பிட்டத்தில் உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

ஆற்றோரம் இளைப்பாறினால் தண்ணீரைப் பார்த்தபடியே உட்காருங்கள். உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அது 'கெப்பாலா ஆயர்', மேலிருந்து அலையாக இறங்கும் வெள்ளம். பையை எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறுங்கள். எதிர்க்கரைக்குத் தாண்ட முயலவே கூடாது.

ஒன்பது ஏ முடிகிற இடத்தில் காய்கறித் தோட்டங்கள். காவல் நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடி வரும். ஓடாதீர்கள். பிள்ளைகளை நடுவில் விட்டு, கையில் ஒரு கம்போடு சீராக நடந்தால் எல்லையோடு நின்றுவிடும். அங்கிருந்து 'போ' (Boh) தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலை. 1929இல் தொடங்கிய தோட்டம் அது. தேயிலைச் சரிவைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிரைகளுக்குள் புகுந்து படமெடுக்க ஆசை வரும். சாலையிலிருந்தே எடுங்கள். கொழுந்து பறிக்கிற அக்காமார் இடுப்பில் பிளாஸ்டிக் கட்டியிருப்பது சும்மா இல்லை. செடி இடுப்பளவு, கிளை விறகு மாதிரிக் கீறும், பனியில் முழுக்க நனைத்துவிடும். இலைக்கடியில் மறைந்திருக்கும் வடிகால் கானில் கால் போனால் கணுக்கால் பிசகும். மருந்து அடித்த நிரையா என்பதும் வெளியாளுக்குத் தெரியாது. அதோடு, நீங்கள் ஒடிக்கும் கொழுந்து அவர்கள் எடை போட வேண்டிய கொழுந்து.

சாலைக்கு வந்த பிறகும் தானா ரத்தா தொலைவுதான், வழி முழுக்க ஏற்றம். வாடகைக் கார்காரரிடம் காலையிலேயே நேரமும் இடமும் சொல்லி வைத்துவிடுங்கள். பன்னிரண்டரைக்கு வரச் சொன்னால் நிதானமாக இறங்கலாம். காரில் ஏறும்முன் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு வரை பாருங்கள். அங்கேதான் ஓர் அட்டையாவது ஒளிந்திருக்கும்.